பல பட்டறைகள் சேர்ந்து செய்யும் புதுமையை எந்தக் கோலால் அளப்பது?

பீளமேடு_மோட்டார்

அனைவருக்கும் வணக்கம். கோவையில் நீர்மூழ்கி பம்பு செய்யும் சிறு நிறுவனங்கள் சில சேர்ந்து ஒரு கூட்டமைப்பாக இயங்குகிறோம். வார்ப்படம் ஓரிடம், கடைசல் வேறு சில இடங்கள், ஸ்டாம்பிங் ஓரிடம், வைண்டிங் இன்னோரிடம், அசெம்பிளியும் சோதனையும் எங்களிடம். பொதுச் சோதனைக்கூடம் ஒன்றுக்கு நிதி கேட்டிருக்கிறோம். "ஆண்டுதோறும் உங்கள் கூட்டமைப்பின் புதுமையை அளந்து காட்ட வேண்டும்" என்பது நிபந்தனை. படிவத்தில் மூன்று கேள்விகள்தான் இருக்கின்றன: எத்தனை காப்புரிமை, விற்பனையில் எத்தனை சதவீதம் ஆராய்ச்சிக்குச் செலவு, புதிய பொருள்களால் எவ்வளவு வருவாய்.

முதல் இரண்டுக்கும் எங்கள் பதில் ஏறக்குறைய பூஜ்யம். ஆனால் இன்று நாங்கள் விற்கும் பம்பும் பத்தாண்டுக்கு முன் விற்ற பம்பும் ஒன்றல்ல. தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லர் முன்பு உலோகத்தில் இருந்தது, இப்போது நோரில் என்ற பிளாஸ்டிக்கில் வருகிறது. கடைசலில் இடைவெளி குறைந்திருக்கிறது. அதே மின்சாரத்தில் கூடுதலாகத் தண்ணீர் வருகிறது. இந்த மாற்றத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? இதுபோன்ற கூட்டு வேலையில் இருப்பவர்கள் எப்படிக் கணக்கு வைக்கிறீர்கள்?

வார்ப்படக்காரர்

தம்பி, கட்டம் வரைவதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள். உங்கள் கூட்டமைப்பில் ஏற்கெனவே ஓர் அளவுகோல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் கிலோ.

வார்ப்படம் கிலோ கணக்கில்தான் விலை போகிறது. பம்பின் உடற்பகுதியில் சுவரின் தடிமனைக் குறைக்கலாம், அப்படியும் அழுத்தம் தாங்கும் என்று அச்சுப் போடும் என் மோல்டருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கடைசலுக்காக விடும் கூடுதல் தடிமனை மூன்று மில்லிமீட்டரிலிருந்து இரண்டாகக் குறைத்தால் லேத்தில் நேரமும் மிச்சம், துருவலாகப் போகும் இரும்பும் மிச்சம். இதைச் செய்தால் லாபம் யாருக்கு? வாங்குகிறவருக்கும் லேத் பட்டறைக்கும். எனக்கு? பட்டியலில் எடை குறையும், அதோடு பில்லும் குறையும். வார்ப்புக்கு அச்சு எடுக்கும் மாதிரியான பேட்டர்னைத் திருத்தும் செலவு வேறு. அந்தப் பேட்டர்னும் வாங்குகிறவரின் சொத்து, அவர் அனுமதி இல்லாமல் நான் அதைத் தொட முடியாது.

யோசனை சொன்னால் வருமானம் குறையும் என்ற ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, "ஆண்டுக்கு எத்தனை யோசனை வந்தது" என்று எண்ணுவதில் பொருளில்லை. கூலியையும் விலையையும் எதன் மேல் கட்டியிருக்கிறீர்களோ அதுதான் உண்மையான அளவு. மற்றவையெல்லாம் கோப்புக்குத்தான்.

ஆசிரியை_சரவணம்பட்டி

மேலாண்மை கற்பிக்கிறேன். படிவத்தின் குறையிலிருந்து தொடங்குகிறேன். வார்ப்படக்கார ஐயா சொன்னது என் பாடநூல்களில் போதிய அளவு இல்லாத விஷயம்.

புதுமையை அளப்பதற்கு உலக அளவில் பின்பற்றப்படும் வழிகாட்டி, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் ஆஸ்லோ கையேடு. முதல் பதிப்பு 1992, நான்காம் பதிப்பு 2018. அதன்படி காப்புரிமை வாங்கியதும் ஆராய்ச்சிக்குச் செலவு செய்ததும் புதுமை ஆகிவிடுவதில்லை. ஒரு பொருளோ தொழில்முறையோ முன்பு இருந்ததிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு மாறி, சந்தைக்கு வந்திருக்க வேண்டும், அல்லது பட்டறையில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். உலகத்துக்கே புதிதாக இருக்க வேண்டியதில்லை, அந்த நிறுவனத்துக்குப் புதிதாக இருந்தால் போதும். ஆகவே நோரில் இம்பெல்லருக்கு மாறியது உங்கள் கணக்கில் புதுமைதான். தயங்காமல் எழுதுங்கள்.

அந்தக் கையேட்டின் வழியில் ஐரோப்பாவில் எடுக்கும் கணக்கெடுப்பு "யாரோடு சேர்ந்து செய்தீர்கள்" என்றும் கேட்கிறது: பொருள் தருபவரோடா, வாடிக்கையாளரோடா, போட்டியாளரோடா, பல்கலைக்கழகத்தோடா? இந்தியாவிலும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் ஐக்கிய நாடுகள் தொழில் வளர்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2021-22 உற்பத்தித் துறைப் புதுமைக் கணக்கெடுப்பை நடத்தின. நிறுவனங்களைத் தனித்தனியாகக் கேட்டது ஒரு பகுதி. துறைக்குள் இருக்கும் உறவுகளைப் பார்த்தது இன்னொரு பகுதி. நல்ல தொடக்கம். ஆனாலும் கேள்வித்தாள் ஒரு நிறுவனத்தின் மேசைக்கு வருகிறது, பதிலும் அந்த நிறுவனத்தின் பதிலாகவே போகிறது. இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே நடப்பதைப் பிடிக்க அது போதாது.

உங்கள் பம்பையே எடுத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டாக, பம்பின் திறன் 60 சதவீதம், மோட்டாரின் திறன் 75 சதவீதம் என்று வைத்தால் மொத்தம் 45. வார்ப்படமும் கடைசலும் மேம்பட்டுப் பம்பு மட்டும் 63 ஆனால் மொத்தம் 47.25, அதாவது 2.25 கூடுகிறது. பம்பு பழையபடியே இருந்து வைண்டிங்கால் மோட்டார் மட்டும் 78 ஆனால் 46.8, அதாவது 1.8 கூடுகிறது. இரண்டும் ஒன்றாக நடந்தால் 49.14. கூடியது 4.14. தனித்தனியாகக் கூட்டினால் 4.05 தானே வர வேண்டும்? மீதி 0.09 யாருடையது? இருவருமே அதைத் தனியாகச் செய்யவில்லை. எண் சிறியதுதான், கொள்கை பெரியது. கூட்டு வேலையின் பலனைக் கடைசிப் புள்ளிவரை பிரித்து ஒவ்வொருவர் பெயரிலும் எழுத முடியாது. பிரிக்க முயன்றால் சண்டைதான் மிஞ்சும்.

ஈரக்கல்

கிரைண்டர் செய்கிறவன் பேசுகிறேன். அம்மணி சொன்ன கணக்கு எனக்குப் பிடித்தது. ஆனால் ஓர் அடிப்படைச் சிக்கலை யாரும் சொல்லவில்லை. இங்கே ஒருவர் புதிதாக ஒன்று செய்தால் அடுத்த தெருவில் அது உடனே வந்துவிடுகிறது. கல்லைச் சாய்த்து மாவு எடுக்கும் கிரைண்டரும், மேசைமேல் வைக்கும் சிறிய கிரைண்டரும் ஊரெல்லாம் பரவியது இப்படித்தான். ஊருக்கு நல்லது. முதலில் செய்தவருக்கு?

கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது ஊரின் பெயரைக் காக்கும், என் டிரம்மின் வடிவத்தைக் காக்காது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் சீனாவிலும் சிறு கண்டுபிடிப்புகளைக் காக்கத் தனிச் சட்டம் உண்டு, நம் நாட்டில் அது இல்லை. கையில் இருப்பது 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம். பதிவு செய்தால் பத்து ஆண்டு, நீட்டித்தால் மேலும் ஐந்து. ஆனால் பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே கண்காட்சியில் வைத்துவிட்டாலோ டீலர்களுக்குப் படம் அனுப்பிவிட்டாலோ அது புதியது என்ற தகுதியையே இழக்க நேரும். நம்மில் பலர் முதலில் டீலரிடம் காட்டி "போகுமா" என்று கேட்டுவிட்டுத்தான் வக்கீலிடம் போகிறார்கள்.

என் கேள்வி இதுதான். கூட்டமைப்பு அளக்க வேண்டுமானால் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் அது என் கையை விட்டுப் போகும். அப்புறம் எதற்காகச் சொல்வேன்?

நூற்பாலை_ஓய்வு

இதற்கு நம் ஊரிலேயே விடை இருக்கிறது. நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்தவன். 1956இல் தொடங்கிய சிட்ரா என்ற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், ஆலைகளுக்கு இடையிலான உற்பத்தித்திறன் ஒப்பீட்டை நெடுங்காலமாகச் செய்து வருகிறது. ஒன்றோடொன்று சந்தையில் மோதும் ஆலைகள் தங்கள் எண்களை ஒரே இடத்தில் கொடுக்கின்றன. 100 கிலோ நூல் நூற்க எத்தனை ஆள்மணி ஆகிறது என்பது முக்கியமான அளவு. ஓர் ஆலை தடித்த நூல் நூற்கும், இன்னொன்று மெல்லிய நூல் நூற்கும், அப்படியே ஒப்பிட்டால் அநியாயம். ஆகவே எல்லாவற்றையும் 40ஆம் நம்பர் நூலுக்குச் சமமாக மாற்றித்தான் ஒப்பிடுவார்கள். அறிக்கையில் ஆலையின் பெயர் இருக்காது, குறியீட்டு எண் மட்டும் இருக்கும். நம் எண் நமக்குத் தெரியும். பட்டியலில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதும் தெரியும். மேலே நிற்பது யார் என்று தெரியாது.

அந்தப் பட்டியல் வரும் நாளில் ஆலைக்குள் நடக்கும் பேச்சு எந்த ஆலோசகர் வந்தாலும் நடக்காது. "நமக்குக் கீழே இத்தனை பேர்" என்பதை விட "நம்மை விடக் குறைந்த மணியில் ஒருவர் நூற்கிறார், எப்படி" என்ற கேள்விதான் ஆளைத் தூங்க விடாது. செய்முறையை யாரும் வெளியே சொல்ல வேண்டியதில்லை. விளைவைச் சொன்னால் போதும். ஈரக்கல் தம்பியின் அச்சத்துக்கு இது பாதி மருந்து.

சாயப்பட்டறை_மகள்

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். கூட்டுப் புதுமை என்றால் எனக்கு நினைவுக்கு வருவது சாயக் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம்தான்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. சாயக் கழிவால் நொய்யல் ஆற்றுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிகளுக்கும் நேர்ந்தது எல்லாருக்கும் தெரியும். அந்த வழக்கு நியாயமானது என்று சாயப்பட்டறைக் குடும்பத்தில் பிறந்த நானே சொல்கிறேன். அதன் பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற நிலையில் வேலை செய்யக் கற்றுக்கொண்டோம்.

அதைச் செய்தது எந்த ஒரு பட்டறையும் அல்ல. சவ்வூடு வடிகட்டியில் நல்ல நீரைப் பிரித்த பிறகு மிஞ்சும் உப்புக் கரைசலை என்ன செய்வது என்பதுதான் கழுத்தை நெரித்த கேள்வி. முழுவதையும் காய்ச்சி ஆவியாக்கினால் எரிபொருள் செலவு தாங்காது. சாயம் ஏற்றுவதற்கு உப்புக் கரைசல் எப்படியும் தேவை. ஆகவே அந்தக் கரைசலைத் தெளிவாக்கிச் சாயத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும் முறை வந்தது. சொல்லும்போது எளிது. அந்தக் கரைசலில் சாயம் ஏற்றினால் நிறம் மாறுமா என்று ஒவ்வொரு பட்டறையின் சாய மேஸ்திரியும் தன் நிறத்தில் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. கடினத்தன்மை கொஞ்சம் ஏறினாலும் வெளிர் நிறங்கள் மங்கும். நிலையத்தின் பொறியாளர் பட்டறைக்கு வந்தார், மேஸ்திரி நிலையத்துக்குப் போனார்.

இதில் அளவுகள் இயல்பாகவே அமைந்துவிட்டன. ஒவ்வொரு பட்டறையின் குழாயிலும் மீட்டர் இருக்கிறது. எவ்வளவு கழிவுநீர் அனுப்பினோம், எவ்வளவு நல்ல நீர் திரும்பியது, எவ்வளவு உப்பு திரும்பியது, ஆயிரம் லிட்டருக்கு என்ன செலவு என்று எல்லாருக்கும் தெரியும். பணமும் அந்த மீட்டரின்படிதான். வார்ப்படக்கார ஐயா சொன்னதற்கு நேர்மாறான நிலை: அனுப்பும் தண்ணீர் குறைந்தால் கட்டணம் குறையும். அதனால்தான் குறைந்த நீரில் சாயம் ஏற்றும் இயந்திரங்களுக்குப் பட்டறைகள் தாங்களாகவே மாறின. யாரும் பரிசு அறிவிக்கவில்லை.

வைண்டிங்_கணபதி

நான் சொல்வது யாருக்காவது வருத்தம் தரலாம். ஆனாலும் சொல்ல வேண்டும். நான் ஜாப் ஒர்க் செய்கிறவன். முன்பு வேலை கொடுத்த ஓர் இடத்தில், காயில் போடும் முறையை மாற்றிச் செம்புக் கம்பி வீணாவதைக் குறைத்துக் காட்டினேன். பாராட்டினார்கள். அடுத்த ஆர்டரில் "இப்போது உங்களுக்கு வேலை எளிது" என்று கூலியைக் குறைத்தார்கள். அதன் பிறகு நான் எதையும் காட்டவில்லை.

உங்கள் படிவத்தில் எத்தனை கட்டம் இருந்தாலும், என்னைப் போன்றவர் வாயை மூடிக்கொண்டால் எல்லாக் கட்டமும் பொய்தான்.

இன்னொன்று, பணம். கொடுத்த வேலைக்கு நான்கு மாதம் கழித்துப் பணம் வரும் இடத்தில் யார் புதிதாகச் சோதிப்பார்? 2006ஆம் ஆண்டுச் சட்டம் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல் வருமான வரியிலும் பிடி வந்திருக்கிறது. கெடு தாண்டிய பாக்கியை, கொடுத்து முடிக்கும் ஆண்டு வரை செலவாகக் காட்ட முடியாது. பணம் எத்தனை நாளில் வருகிறது என்பதை உங்கள் அளவுகளில் முதலாவதாக வையுங்கள்.

கரூர்_தறி

எல்லாவற்றையும் அளந்துதான் ஆக வேண்டுமா? எங்கள் ஊரில் தறிக்காரர், சாயக்காரர், தையல்காரர், ஏற்றுமதியாளர் எல்லாரும் டீக்கடையில் பேசித்தான் பாதி மாற்றம் வந்தது. எழுதி வைக்கத் தொடங்கினால் அந்தப் பேச்சு நின்றுவிடும் என்று அஞ்சுகிறேன்.

ஆசிரியை_சரவணம்பட்டி

கரூர் அண்ணாவின் அச்சம் சரியானது. அந்தப் பேச்சை எழுத்தாக்கக் கூடாது. ஆனால் அது யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

எளிய கேள்வி ஒன்றை ஒவ்வொரு பட்டறையிலும் கேட்கலாம். "கடந்த ஓராண்டில் நீங்கள் மாற்றிய ஒரு செய்முறையைச் சொல்லுங்கள். அதை யாரிடமிருந்து தெரிந்துகொண்டீர்கள்?" பதில்களைத் தாளில் புள்ளியும் கோடுமாக வரைந்தால், அதிகக் கோடுகள் சேரும் புள்ளி கூட்டமைப்பின் உறுப்பினராக இருக்காது என்பது என் ஊகம். பேட்டர்ன் செய்கிறவர், சாயம் விற்கும் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஆள், பட்டறை பட்டறையாகப் போய் இயந்திரம் பழுது பார்க்கும் மெக்கானிக், ஊசி விற்கிறவர் ஆகியோர்தான் அறிவைச் சுமந்து திரிகிறவர்கள். உறுப்பினர் பட்டியலை மட்டும் அளந்தால் இவர்கள் கண்ணிலேயே படமாட்டார்கள். அந்த மெக்கானிக்குக்கு வயதாகி, அடுத்து ஆள் இல்லை என்றால் கூட்டமைப்புக்கு எவ்வளவு இழப்பு என்பதும் தெரியாது.

அளவு பற்றி இன்னொரு வார்த்தை. கீழ்பவானி வாய்க்காலில் மதகை எவ்வளவு திறந்தார்கள் என்பது ஒரு கணக்கு, கடைமடை வயலுக்குத் தண்ணீர் போனதா என்பது வேறு கணக்கு. பொதுவசதி மையத்தில் எத்தனை பயிற்சி நடத்தினோம், எத்தனை பேர் வந்தார்கள் என்பது மதகுக் கணக்கு. கடைசியில் இருக்கும் ஒற்றை லேத் பட்டறையில் ஏதாவது மாறியதா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

பீளமேடு_மோட்டார்

அனைவருக்கும் நன்றி. இங்கே பேசியதை எங்கள் கூட்டத்தில் வைத்தேன். மூன்று மணி நேரம் பேச்சு நடந்தது. இப்போதைக்கு உருவாகியிருக்கும் ஏற்பாட்டை எழுதுகிறேன், குறை சொல்லுங்கள்.

நிதி கொடுப்பவரின் படிவத்தை உள்ளபடியே நிரப்பி, அதோடு எங்கள் ஏட்டையும் இணைக்கப் போகிறோம். ஏட்டில் ஒரு வரி என்றால் ஒரு மாற்றம். எந்தப் பட்டறையில் தோன்றியது, வேறு எந்தப் பட்டறை அதற்காகத் தன் செய்முறையை மாற்றியது, எப்போது நடைமுறைக்கு வந்தது ஆகியவற்றை எழுதுவோம். ஒரே பட்டறைக்குள் தொடங்கி அங்கேயே முடிந்த மாற்றம் இந்த ஏட்டில் வராது, ஏனென்றால் இது கூட்டமைப்பின் ஏடு. மொத்தத் திறனைச் சோதனைக்கூடத்தில் அளந்து கூட்டாக மட்டுமே எழுதுவோம், பட்டறைவாரியாகப் பிரிக்கமாட்டோம். திருப்பி அனுப்பப்படும் வார்ப்படத்தின் சதவீதம், பணம் வந்து சேரும் நாள்கள் ஆகிய இரண்டும் குறியீட்டு எண்ணோடு, பெயர் இல்லாமல்.

விலை பற்றித்தான் நீண்ட வாக்குவாதம். முடிவில், எடையைக் குறைக்கும் மாற்றம் வந்தால் ஓராண்டுக்குப் பழைய எடைக்கே பில் போடுவது என்று ஒத்துக்கொண்டார்கள். பேட்டர்ன் திருத்தும் செலவு அசெம்பிளி நிறுவனத்துடையது. வைண்டிங், கடைசல் கூலிக்கும் அதே ஓராண்டுப் பாதுகாப்பு.

ஈரக்கல்

ஒருவர் கூட்டமைப்புக்கு வரும் முன்பே கையில் வைத்திருந்த அறிவையும், சேர்ந்து செய்ததில் பிறந்ததையும் தொடக்கத்திலேயே தனித்தனியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். புதுமைக் கூட்டாண்மைக்கென்றே 2019இல் ஐஎஸ்ஓ 56003 என்ற வழிகாட்டி வந்திருக்கிறது. பங்காளியைத் தேர்வது, யார் என்ன செய்வது என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வது போன்றவை அதில் உண்டு. சான்றிதழுக்காக அல்ல, ஒப்பந்தம் எழுதும்போது எதுவும் விட்டுப்போகாமல் இருக்க உதவும்.

வார்ப்படக்காரர்

ஓராண்டு என்பது நியாயமான தொடக்கம். வரவேற்கிறேன். ஆனால் உங்கள் ஏட்டில் ஒரு பக்கம் இல்லை.

நீங்கள் முதல் பதிவிலேயே சொன்ன நோரில் இம்பெல்லரை எடுத்துக்கொள்ளுங்கள். பம்புக்கு நல்லது, துருப்பிடிக்காது, பரப்பு வழவழப்பாக இருப்பதால் திறன் கூடும், எடையும் குறைவு. எல்லாம் உண்மை. அந்த இம்பெல்லரை முன்பு வார்த்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் போன்ற பட்டறைக்காரர்கள். வேலை பிளாஸ்டிக் மோல்டிங்குக்குப் போனது. கூட்டமைப்பின் ஏட்டில் அது வெற்றி என்று ஒரு வரி. இழந்தவர் பெயர் எங்கே? மாற்றத்தை நிறுத்தச் சொல்லவில்லை. யாருக்கு வேலை போகிறது என்பதையும் அதே வரியில் எழுதுங்கள் என்கிறேன். எழுதினால்தான் அவருக்கு வேறு என்ன வேலை கொடுக்கலாம் என்று யாராவது யோசிப்பார்கள். எழுதாவிட்டால் அவர் அடுத்த ஆண்டு உறுப்பினராக இருக்கமாட்டார். உங்கள் சராசரிகளெல்லாம் அழகாக உயர்ந்திருக்கும்.

சாயப்பட்டறை_மகள்

ஐயா சொன்னதை முழுமனதாக ஆதரிக்கிறேன். திருப்பூரில் சுத்திகரிப்புக் கட்டணத்தைத் தாங்க முடியாமல் போன சிறு பட்டறைகள் எந்த வெற்றிக் கணக்கிலும் இல்லை. ஊரின் சாயத் தொழில் பிழைத்தது உண்மை, அவர்கள் போனதும் உண்மை. இரண்டையும் ஒரே ஏட்டில் பார்த்தால்தான் அந்தப் புதுமைக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று தெரியும்.

ஏடு யாரிடம் இருக்கும்? அசெம்பிளி நிறுவனத்தின் அலுவலகத்தில் இருந்தால் ஜாப் ஒர்க் செய்பவர் உண்மை எண்ணைத் தரமாட்டார். எங்கள் நிலையத்தில் மீட்டர் கணக்கு நம்பப்படுவதற்குக் காரணம், நிலையம் உறுப்பினர் பட்டறைகள் எல்லாருக்கும் சொந்தமான நிறுவனம் என்பதுதான்.

பீளமேடு_மோட்டார்

இரண்டையும் ஏற்கிறேன். "இதனால் வேலை குறைபவர்" என்று ஒரு பத்தி சேர்க்கிறோம். ஏட்டைக் கூட்டமைப்புக்கு வெளியே, பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் வைக்கலாம் என்று கேட்கப் போகிறேன். குறியீட்டு எண்களின் சாவி அவர்களிடம் மட்டும் இருக்கும்.

முழுப் பம்பையும் ஒரே நேரத்தில் தொடாமல் முதலில் தண்ணீர் வெளியேறும் பகுதியான வெளியேற்றக் கிண்ணம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். வார்ப்படம், கடைசல், அசெம்பிளி மூவரும் அதைத் தொடுகிறார்கள். வார்ப்படக்கார அண்ணா, உங்களுக்கு நேரம் இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு வர முடியுமா? எங்கள் மோல்டரும் வருகிறார்.

வார்ப்படக்காரர்

வருகிறேன். வரைபடத்தோடு, திருப்பி அனுப்பிய கிண்ணங்களில் சிலவற்றை அறுத்து வையுங்கள். காற்றுத் துளை எந்தப் பக்கம் விழுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பேசலாம். வைண்டிங் தம்பியையும் அழைத்து வாருங்கள்.